இதயம் மாற்றினால் வயது குறையுமா?

''இன்ஜினையே மாத்தியாச்சு சார்! அப்புறம் மீட்டர்ல பழைய கிலோமீட்டர் எதுக்கு? ஜீரோ பண்ணிட்டோம். இதுல என்ன தப்பு?''

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்கள் அங்கங்கே கேட்கிற வசனம் இது. சொல்கிறவர் முகத்தில் துளிக்கூட குற்ற உணர்ச்சி இருக்காது. நியாயம் பேசுகிற தோரணைதான் இருக்கும்.

2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய கால் டாக்ஸியை ராத்திரியோடு ராத்திரியாக 45 ஆயிரமாக்கி, 'டாக்டர் ஓட்டின வண்டி' என்று விற்கிற ஆசாமிக்குத் தான் செய்வது ஃபிராடு என்று நன்றாகவே தெரியும். அவரைத் திட்ட ஒரு கட்டுரை வேண்டாம். இன்ஜின் மாற்றினால் மீட்டரையும் மாற்றலாம் என்று மனசார நம்புகிற நல்லவர்கள் இருக்கிறார்களே, அவர்களோடுதான் எனக்கு வழக்கு. ஏனென்றால், அந்த நல்லவர்களின் முதுகுக்குப் பின்னால்தான் ராத்திரி ஆசாமி ஒளிந்துகொள்கிறார். மாட்டிக்கொண்டால் அவர் சொல்லும் முதல் பதிலும், ''இன்ஜின் மாத்தினோம் சார்'' என்பதுதான்.

சரி, நல்லவர்களிடமே பேசுவோம்.

60 வயதுக்காரர் ஒருவருக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை நடக்கிறது. பிழைத்துக்கொள்கிறார். சந்தோஷம். ஆறு மாதம் கழித்து அவர் கார்ப்பரேஷன் ஆபீஸுக்குப் போய், ''புது இதயம் வெச்சாச்சு. பர்த் சர்டிபிகேட்ல புதுத் தேதி போட்டுக் கொடுங்க'' என்று நின்றால் என்ன சொல்வோம்? 'ஐயா, உங்க முழங்கால் 60 வருஷம் நடந்த முழங்கால். கண், காது, முதுகெலும்பு எல்லாம் 60 வருஷத்துச் சரக்கு. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க' என்றுதானே சொல்லி அனுப்புவோம்?

கார் விஷயத்தில் மட்டும் ஏன் தலையாட்டுகிறோம்?

ஓடோமீட்டர் என்கிற சாதனம் எதை எண்ணுகிறது என்று பலரும் யோசிப்பதில்லை. அந்தக் காலத்து அம்பாஸடரில் கியர் பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் கிளம்பி மீட்டருக்குப் போகும். சக்கரம் உருண்டால் கேபிள் சுற்றும், கேபிள் சுற்றினால் நம்பர் நகரும். இன்றைய கார்களில் கேபிளுக்குப் பதில் சென்ஸார். கணக்கு டாஷ்போர்டில் இருக்கும் சிப்பில் பதிவாகிறது. சில மாடல்களில் வண்டியின் வேறு கம்ப்யூட்டர் பெட்டிகளிலும் ஒரு காப்பி இருக்கும். பழசோ புதுசோ, அளப்பது வண்டி உருண்ட தூரத்தைத்தான்.

சந்தேகமா? சிக்னலில் இன்ஜினை ஓடவிட்டு ஒரு மணி நேரம் நில்லுங்கள். இன்ஜின் உழைத்துக்கொண்டிருக்கும், மீட்டர் இம்மியும் நகராது. அதே அம்பாஸடரை இன்ஜினை அணைத்து நியூட்ரலில் ஊட்டி இறக்கத்தில் உருளவிட்டால் (செய்துவிடாதீர்கள், பேச்சுக்குச் சொல்கிறேன்) இன்ஜின் தூங்கும், மீட்டர் ஓடும். ஆக, மீட்டர் என்பது இன்ஜினின் டைரியே கிடையாது. அது வண்டியின் டைரி. சேசிஸ், கியர் பாக்ஸ், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், பிரேக், வயரிங், சீட்டு எல்லாம் சேர்ந்து எழுதிய டைரி. ஒருத்தர் வீட்டை விட்டுப் போனார் என்பதற்காக மொத்தக் குடும்பத்தின் டைரியையும் கிழித்துப்போட நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாற்றிய இன்ஜின் புதுசா?

கம்பெனியிலிருந்து புத்தம் புது இன்ஜினை வாங்கிப் போடுகிறவர்கள் குறைவு. விலை அப்படி. பழைய கார்களுக்கு மாற்று இன்ஜின் வருவது பெரும்பாலும் உடைக்கப்பட்ட, விபத்தில் சிக்கிய வேறு காரிலிருந்து. சென்னை புதுப்பேட்டை பக்கம் போனால் வரிசையாகக் கழற்றி வைத்திருப்பார்கள். அதில் தப்பில்லை. உருப்படியான ஒரு பொருளுக்கு மறுவாழ்வு கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால், அந்த இன்ஜின் முந்தைய காரில் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் உழைத்தது? அது அந்தக் காரின் மீட்டரோடு போயிற்று.

இப்போது கணக்குப் போடுங்கள். உடம்பு 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. உள்ளே வைத்த இதயம் இன்னொரு உடம்பில் இன்னொரு 80,000 ஓடியிருக்கலாம். மீட்டரில் போட்ட நம்பர் பூஜ்யம். அந்த வண்டியில் பூஜ்யம் கிலோமீட்டர் ஓடிய பாகம் என்று ஒன்றுகூடக் கிடையாது. ஒரு பொய்யில் பாதியாவது உண்மை இருக்கும் என்பார்கள். இது அப்படியும் தேறாத பொய்.

*

''அப்ப இன்ஜினுக்கு செலவு பண்ணின காசுக்கு மதிப்பே கிடையாதா?'' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மதிப்பு உண்டு. அதைச் சொல்ல வேறு வழி இருக்கிறது.

விமானத்தைப் பாருங்கள். விமானத்தின் உடல் எத்தனை மணி நேரம் பறந்தது என்று ஒரு கணக்கு; ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியாக ஒரு கணக்கு. இன்ஜினைக் கழற்றி வேறு விமானத்தில் மாட்டினால் இன்ஜினின் கணக்கும் கூடவே போகும். உடலின் கணக்கு உடலோடு இருக்கும். 'இன்ஜின் மாத்தியாச்சு, அதனால பிளேன் புதுசு' என்று எந்தப் பைலட்டும் சொல்வதில்லை. சொன்னால் நாம் ஏற மாட்டோம்.

நான் படித்தது காமர்ஸ். எங்கள் உலகத்திலும் இதே நீதிதான். 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை என்ன சொல்கிறது? ஒரு இயந்திரத்தின் முக்கியமான பாகத்துக்கு வேறு ஆயுள் இருந்தால், அதற்குத் தேய்மானத்தைத் தனியாகக் கணக்கிடு என்கிறது. ஃபேக்டரியில் 10 வருஷ மெஷினுக்குப் புது மோட்டார் மாட்டிவிட்டு, மெஷினே இன்றுதான் வாங்கியது என்று பேலன்ஸ் ஷீட்டில் எழுதினால் ஆடிட்டர் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்விடுவார்.

கார்க்காரர் செய்ய வேண்டியதும் இவ்வளவுதான். '1,40,000 கிலோமீட்டரில், இந்தத் தேதியில், இந்த நம்பர் இன்ஜின் மாற்றப்பட்டது. இதோ பில்.' வாங்குகிறவர் பில்லைப் பார்த்துக் கூடுதலாகக் கொடுக்கட்டும். உண்மையாகச் செலவு செய்தவருக்கு பில்லைக் காட்ட என்ன தயக்கம்? காட்ட பில் இல்லாதவருக்குத்தான் பூஜ்யம் தேவைப்படுகிறது.

*

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் தலை சுற்றுகிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இன்ஜின் மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறது. மாற்றினால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும், ஆர்.சி-யில் பதிய வேண்டும். இன்ஜின் நம்பர் மாறியதை மறைத்தால் வில்லங்கம். நல்லது. ஆனால், ஓடோமீட்டர் கணக்கைத் திருத்துவது குற்றம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிற பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை. 2019-ல் பெரிய திருத்தம் கொண்டுவந்து அபராதங்களை எல்லாம் ஏற்றினார்களே, அப்போதும் இது யார் கண்ணிலும் படவில்லை.

அதனால் இது சட்டப்படி சரி என்று அர்த்தமா? இல்லை. மீட்டரைக் குறைத்து, அதைக் காட்டி ஒருவரை நம்பவைத்துப் பணம் வாங்கினால் அது ஏமாற்று வேலை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது நமக்கெல்லாம் மனப்பாடமான 420. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு. 7 வருஷம் வரை சிறை. ஒப்பந்தச் சட்டம் 1872-லிருந்து இருக்கிறது. விஷயம் தெரிந்தவர் அதை முனைந்து மறைப்பதும் மோசடி என்று அதன் 17-வது பிரிவு சொல்கிறது. டீலரிடம் வாங்கியிருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில்?

கார் மூன்று கை மாறியிருக்கிறது. மீட்டர் குறைந்திருப்பது உங்களுக்குத் தெரியவருகிறது. உங்களிடம் விற்றவர், ''நான் வாங்கும்போதே இப்படித்தான் சார் இருந்தது'' என்கிறார். அவருக்கு விற்றவரும் அதையேதான் சொல்வார். அதற்கும் முந்தைய ஓனர் ஊர் மாறிப் போய்விட்டார். யார் கையில் இருந்தபோது நம்பர் குறைந்தது? நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. சொந்த உபயோகக் காருக்கு முதல் 15 வருஷம் எஃப்.சி. பரிசோதனையும் இல்லை. குற்றம் இருக்கிறது, தண்டனை இருக்கிறது, சாட்சி மட்டும் இல்லை!

பெயர் மாற்றத்துக்கு 29, 30 என்று இரண்டு படிவங்கள் நிரப்புகிறோம். விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், முகவரி, வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் எல்லாம் உண்டு. 'இன்று மீட்டர் காட்டும் கிலோமீட்டர்' என்று ஒரு கட்டம் கிடையாது. காரின் விலையை நிர்ணயிக்கிற முக்கியமான ஒரு நம்பரை அரசாங்கம் கேட்பதே இல்லை.

இன்னொரு தமாஷ். பழைய கார் டீலர்களை முறைப்படுத்த மத்திய அரசு 2022 டிசம்பரில் விதிகள் கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அமல். அதன்படி, டீலர் தன்னிடம் இருக்கும் வண்டியை வெளியே எடுத்தால் எதற்காக எடுத்தார், யார் ஓட்டினார், எவ்வளவு தூரம் போனார் என்று எலெக்ட்ரானிக் பதிவேட்டில் குறிக்க வேண்டும். டெஸ்ட் டிரைவ் போன 4 கிலோமீட்டருக்குக் கணக்கு கேட்கிறவர்கள், காணாமல்போன 1 லட்சம் கிலோமீட்டருக்குக் கேட்கவில்லை. டீலருடைய லாபத்தில் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. மட்டும் ஒழுங்காகப் போகிறது. மீட்டரைக் குறைத்ததால் கூடிய லாபத்துக்கும் சேர்த்துத்தான்!

காய்கறிக் கடைக்காரரின் தராசுக்கு அரசாங்க முத்திரை வேண்டும். பெட்ரோல் பங்க் மெஷினுக்கு முத்திரை வேண்டும். ஆட்டோ மீட்டருக்குக்கூட முத்திரை உண்டு (யாரும் அதைப் போடுவதில்லை என்பது வேறு கதை). அரைக் கிலோ தக்காளியில் 20 கிராம் குறைந்தால் தண்டிக்க நம்மிடம் இலாகா இருக்கிறது. 5 லட்ச ரூபாய் காரில் 1 லட்சம் கிலோமீட்டர் குறைந்தால் கேட்க நாதியில்லை.

*

கார்களின் தேசமான அமெரிக்காவில் இந்த வியாதி முற்றிப்போய்த்தான் வைத்தியம் பார்த்தார்கள். 1972-ல் மத்திய சட்டம் வந்தது. கணக்கைக் குறைக்கும் எண்ணத்தோடு ஓடோமீட்டரின் இணைப்பைக் கழற்றுவது, நம்பரைத் திருத்துவது எல்லாம் குற்றம். 3 வருஷம் வரை சிறை. மோசடி செய்யும் எண்ணத்தோடு செய்திருந்தால், ஏமாந்தவர் சிவில் வழக்குப் போட்டு நஷ்டத்தைப் போல் மூன்று மடங்கு அல்லது 10,000 டாலர், இதில் எது அதிகமோ அதை வாங்கலாம். வண்டியை விற்கும்போது உரிமைப் பத்திரத்திலேயே மீட்டர் அளவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 2011 மாடலிலிருந்து வந்த கார்களுக்கு 20 வருஷம் வரை இந்தக் கட்டாயம் உண்டு.

'மீட்டரே கெட்டுப்போனால்?' என்று நல்லவர்கள் கேட்பார்கள். அதற்கும் அந்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ரிப்பேர் செய்யலாம், மாற்றலாம். ஆனால், பழைய நம்பர் அப்படியே தொடர வேண்டும். தொழில்நுட்ப ரீதியாக அது முடியவே முடியாது என்றால் பூஜ்யத்தில் வைக்கலாம். அப்போது இடது பக்கக் கதவு நிலையில் (அங்கே அது டிரைவர் பக்கம்) ஒரு அறிவிப்பை ஒட்ட வேண்டும்: பழைய மீட்டரில் எவ்வளவு இருந்தது, எந்தத் தேதியில் மாற்றினோம் என்று. மோசடிக்காக அந்த ஸ்டிக்கரைக் கிழிப்பதும் குற்றம்.

கவனியுங்கள். பூஜ்யத்துக்கு அனுமதி மீட்டர் கெட்டால்தான். இன்ஜின் மாற்றினால் என்று அந்தச் சட்டம் ஒரு சலுகையும் தரவில்லை. மீட்டருக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமில்லை என்பது 1972-லேயே அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

அங்கே பெரிய கைகளும் தப்பவில்லை. 1987-ல் கிரைஸ்லர் கம்பெனி மேலேயே வழக்கு. 60,000-க்கும் அதிகமான கார்களை மீட்டர் இணைப்பைக் கழற்றிவிட்டுத் தங்கள் அதிகாரிகளைக் கொண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, புதுசு என்று விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனியின் தலைவர் லீ அயகோக்கா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

''அவ்வளவு சட்டம் போட்டும் அங்க நின்னுடுச்சா?'' நிற்கவில்லை. வருஷத்துக்கு 4.5 லட்சம் வண்டிகளாவது பொய் மீட்டரோடு விற்கப்படுவதாக அவர்களின் சாலைப் பாதுகாப்புத் துறையே 2002-ல் மதிப்பிட்டது. திருட்டு நிற்கவில்லை என்பதற்காக யாரும் பூட்டைக் கழற்றிப் போடுவதில்லை. அங்கே ஏமாந்தவர் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. அதை வைத்துக் கோர்ட்டில் ஜெயிக்க முடியும். நம் ஊரில் ஏமாந்தவர் கையில் இருப்பது கார் சாவி மட்டும்தான்.

பெல்ஜியத்தில் 2006 டிசம்பரிலிருந்து வேறு ஏற்பாடு. கார் எந்த கேரேஜுக்குப் போனாலும் மீட்டர் அளவை ஒரு பொது அமைப்புக்கு அனுப்பிவிட வேண்டும். விற்கும்போது அந்த வரலாற்றைச் சான்றிதழாக வாங்கிக் கொடுத்தால்தான் விற்பனை செல்லும். சின்ன தேசம், சின்ன யோசனை. ஆனால் வேலை செய்கிறது.

*

''காரு என்னோடது, மீட்டர் என்னோடது. நான் என்ன வேணா பண்ணுவேன்'' என்று ஒரு கடைசி வாதம் உண்டு. ஸ்டீரியோவை மாற்றுங்கள், சீட் கவரை மாற்றுங்கள், உங்கள் இஷ்டம். மீட்டர் அப்படிப்பட்ட சாமான் இல்லை. அது அடுத்து ஓட்டப்போகிறவருக்கு நீங்கள் விட்டுப்போகும் வாக்குமூலம்.

அந்த அடுத்தவர் யார்? பெரும்பாலும் முதல் கார் வாங்குகிற மிடில் கிளாஸ்காரர். புதுசு வாங்க வசதியில்லை. அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, குழந்தைகளோடு குலதெய்வம் கோயிலுக்குப் போக, பி.எஃப். பணத்தையோ நகைக் கடனையோ போட்டு வாங்குகிறார். மீட்டரில் 15,000 என்று இருப்பதைப் பார்த்து, 'இப்போதைக்கு செலவு வராது' என்று நம்புகிறார். கிளட்ச், பிரேக் ஹோஸ், வீல் பேரிங், சஸ்பென்ஷன் புஷ், கியர் ஆயில்... எதை எப்போது பார்க்க வேண்டும் என்று சர்வீஸ் புத்தகம் சொல்வது கிலோமீட்டர் கணக்கில்தான். கணக்கே பொய் என்றால் சர்வீஸும் பொய். இன்ஜின் வேறு புதுத் தெம்போடு இழுக்கும். அதை நிறுத்த வேண்டிய பிரேக்கோ ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் கிழவன். திண்டிவனம் தாண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பழைய கணக்கு ஞாபகம் வந்தால் என்ன ஆகும்?

இப்போது இன்ஷூரன்ஸும் இதில் சேர்ந்துவிட்டது. ஓட்டுகிற தூரத்துக்கு ஏற்ற பிரீமியம் என்ற ஏற்பாட்டுக்கு 2022 ஜூலையில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதி கொடுத்தது. மீட்டரை நம்பிப் பணம் புழங்குகிற இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. மீட்டரைக் காக்கிற சட்டம் மட்டும் வரவில்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. 29-ம் நம்பர் படிவத்தில் ஒரு கட்டம். 'இன்றைய மீட்டர் அளவு' என்று போட்டு விற்பவர், வாங்குபவர் இருவர் கையெழுத்து. ஆர்.சி. விவரத்தோடு கம்ப்யூட்டரில் அது ஏறட்டும். இன்ஜின் மாற்றத்தை ஆர்.சி-யில் பதியும்போதும் அன்றைய அளவைக் குறிக்கட்டும். மீட்டரையே மாற்ற வேண்டி வந்தால் அமெரிக்கக் கதவு ஸ்டிக்கர் போல ஒரு விதி. அளவைக் குறைப்பது தனிக் குற்றம் என்று சட்டத்தில் ஒரு வரி. இவ்வளவுதான்.

அதுவரை? கட்டத்தை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பழைய கார் வாங்குகிறவர்கள் விற்பனை ஒப்பந்தத்தில் கையால் எழுதுங்கள்: 'இன்று மீட்டர் அளவு இவ்வளவு. இது திருத்தப்படவில்லை. இன்ஜின் மாற்றப்பட்டது / மாற்றப்படவில்லை.' விற்பவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மீட்டரை போட்டோ எடுங்கள். அதற்கு முன் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரத்தை விசாரியுங்கள். ஆர்.சி-யில் இருக்கும் இன்ஜின் நம்பரும் வண்டியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரம் தயாரானது. 15,000 கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லும் 2015 மாடல் காரில் நாலு டயரும் 2319 என்றால், பழைய டயர்கள் எங்கே தேய்ந்தன என்று கேளுங்கள். பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று ஆகியிருந்தால் அதையும் கேளுங்கள்.

முக்கியமாக, கையெழுத்துக் கேட்கும்போது எதிரே இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். ''இன்ஜின் மாத்தியாச்சு, ஜீரோ பண்ணினா என்ன தப்பு?'' என்று நியாயம் பேசியவர், அதையே எழுதிக் கையெழுத்துப் போடத் தயங்கினால், வந்த வழியே திரும்பிவிடுங்கள். தப்பில்லாத காரியத்தை எழுதிக் கொடுக்க யாருக்கும் கை நடுங்காது.